கொழும்புத் துறைமுக நகரும் நிழற்படச் சான்றும்

ஒரு நகரத்தின் வரலாற்றை எழுதப் புகுவோர் கல்வெட்டு, ஏடு, அரசாங்க அறிக்கை, பயணிகளின் குறிப்பு ஆகியவற்றையே முதற்கண் நாடுவர். ஏறத்தாழக் கடந்த 170 ஆண்டுகளைப் பொறுத்தவரை, இவற்றோடு ஒருங்கு வைத்து எண்ணத்தக்க மற்றுமொரு சான்று உண்டு. அதுவே நிழற்படம். இடிக்கப்பட்ட மதிலும், தூர்க்கப்பட்ட கரையும், மறைந்துபோன தொழிலும் அதிலே தங்கிவிடுகின்றன. ஆயினும், கல்வெட்டைப் படித்தற்கு எழுத்தறிவு வேண்டப்படுதல்போல, நிழற்படத்தைப் படித்தற்கும் ஓர் அறிவு வேண்டப்படுகின்றது. எடுத்தவர் யார், எடுத்த கருவி எத்தகையது, விலை கொடுத்து வாங்கியவர் யார் என்னும் மூன்றையும் ஆராயாது படத்தை உள்ளவாறே நம்புவோர் ஏமாற்றம் அடைவர். கொழும்பு நகரின் அன்றாடக் காட்சிகளையும் பழஞ்சின்னங்களையும் காட்டும் நிழற்படங்களைக்கொண்டு இவ்வுண்மையை விளக்குவதும், அவ்விளக்கம் மலையகத்து மாணவர்க்கு எவ்வாற்றாற் பயன்படும் என்று காட்டுவதும் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கருவியின் இயல்பு

நிழற்படக்கலை 1839ஆம் ஆண்டில் உலகறிய வெளிப்பட்டது. பிரான்சு நாட்டுத் தாகேரும் இங்கிலாந்து நாட்டுத் தால்பொட்டும் தத்தம் முறைகளை அவ்வாண்டிலேயே அறிவித்தனர். 1851இல் ஆர்ச்சர் என்பார் ஈரத்தகட்டு முறையை வெளியிட்டார். கண்ணாடித் தகட்டிலே கொலோடியன் என்னும் பசையைப் பூசி, வெள்ளி நைத்திரேற்றுக் கரைசலிலே தோய்த்து, ஈரம் உலருமுன் படத்தை எடுத்து, அப்பொழுதே உருத்துலக்கி முடித்தல் வேண்டும். எனவே, படம் எடுப்பவர் கருவியோடு இருட்டுக் கூடாரத்தையும் மருந்துப் போத்தல்களையும் கண்ணாடித் தகடுகளையும் சுமையாட்கள் தலையில் ஏற்றிச் செல்லவேண்டியவராயினர். வெப்பம் மிக்க நம் நாட்டில் ஈரம் விரைந்து உலருமாதலின், இடர்ப்பாடு இரட்டித்தது.

இம்முறையில் ஒளி தகட்டிற் படியச் சில விநாடிகளோ அதற்கு மேலோ வேண்டியிருந்தது. அசையாத கட்டடம் தெளிவாகப் பதிந்தது. நடந்து செல்லும் மனிதன் வெறும் புகைபோலப் பதிந்தான். விரைந்து சென்றவன் பதியாமலே போனான். பழைய கொழும்புப் படங்களிற் சில தெருக்கள் ஆளரவமற்றுத் தோன்றுதற்குக் காரணம் இதுவே. அவற்றைக் கண்டு, அக்காலக் கொழும்பு வெறிச்சோடிக் கிடந்தது என்று ஒருவர் எழுதுவாராயின், அது கருவியின் குறையை ஊரின் மேல் ஏற்றிக் கூறுவதாக முடியும். 1871இல் மடொக்ஸ் கண்ட உலர்தகட்டு முறையும், 1888இல் ஈஸ்ட்மன் விற்பனைக்குக் கொணர்ந்த கொடாக் என்னும் சிறு கருவியும் வந்த பின்னரே, ஓடும் வண்டியும் கூவி விற்கும் வணிகனும் உள்ளபடி படத்திற் புகுந்தனர்.

மதில் சூழ்ந்த நகரம்

கொழும்புக்குப் போர்த்துக்கேயர் முதன்முதல் வந்தது 1505ஆம் ஆண்டிலாகும். 1656இல் ஒல்லாந்தர் அதனைக் கைப்பற்றினர். 1796இல் அது ஆங்கிலேயர் வசமாயிற்று. ஒல்லாந்தர் கட்டிய கோட்டை மதில்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை நின்று நிலவின.

1852ஆம் ஆண்டிலே பிரெடெரிக் பீபிக் என்பார் இலங்கைக்கு வந்து, காகித மூலப்படிவத்தில் எடுத்து அச்சிட்ட படங்களுக்குக் கையினால் வண்ணம் தீட்டினார். கல்கத்தாவிலும் சென்னையிலும் அவர் எடுத்த படங்களோடு இவையும் சேர, 1856இல் கிழக்கிந்தியக் கம்பனி அத்தொகுதியை விலைக்கு வாங்கியது. இன்று அவை பிரித்தானிய நூலகத்தில் உள்ளன. இலங்கையின் காட்சிகளை எடுத்துரைக்கும் மிகப் பழைய நிழற்படத் தொகுதிகளுள் இஃது ஒன்றாகும்.

அதன்பின் தொழில்முறை நிலையங்கள் எழுந்தன. 1860களிலே ஸ்கீன் கம்பனி கொழும்பில் நிலைபெற்றது. ஜோசப் லோட்டன் என்பார் தொல்பொருட் குழுவினரின் ஏவலால் 1870, 1871ஆம் ஆண்டுகளில் அனுராதபுரம், பொலன்னறுவை முதலிய பழம்பதிகளைப் படம் பிடித்தார். காடு மூடிய நிலையில், திருத்தப்பணி தொடங்குமுன் அச்சின்னங்கள் எவ்வாறு இருந்தன என்பதற்கு அவர் படங்களே கண்கண்ட சான்றாய் விளங்குகின்றன. கண்டியிலே ஸ்கோவன் என்பாரும், 1890 முதல் கொழும்பிலே பிளேட்டே கம்பனியாரும் இத்தொழிலில் புகழ் பெற்றனர்.

1869ஆம் ஆண்டின் சிறப்பு

கொழும்பின் வரலாற்றையும் நம் மலைநாட்டின் வரலாற்றையும் ஒருங்கே நோக்குவார்க்கு 1869ஆம் ஆண்டு ஒரு திருப்பமாகத் தோன்றும். அவ்வாண்டு நவம்பரிலே சுயெஸ் கால்வாய் திறக்கப்பட்டது. ஐரோப்பாவிலிருந்து கீழ்நாடுகளுக்கு வரும் கடல்வழி குறுகியது. அவ்வாண்டளவிலேயே கொழும்புக் கோட்டையின் மதில்களை இடிக்கும் பணி தொடங்கிற்று. அதே ஆண்டில், லுணுகலைக்கு அண்மையிலுள்ள மடுல்சீமைப் பகுதியிலே கோப்பிச் செடியின் இலைகளிற் செந்நிறத் துகள் படிந்த நோய் முதன்முதற் காணப்பட்டது. அந்நோய் பரவிக் கோப்பித் தொழிலை அழித்தது. 1867இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரையிற் பயிரிடத் தொடங்கிய தேயிலை அவ்விடத்தைப் பிடித்தது.

ஆகவே, பீபிக் எடுத்த கொழும்பு, மதிலுடைய கொழும்பு. பிளேட்டே எடுத்த கொழும்பு, மதிலற்ற கொழும்பு. அங்ஙனமே, ஒரு மலைச்சரிவின் படத்திற் காணப்படும் செடி கோப்பியோ தேயிலையோ என்பதைக்கொண்டு அப்படத்தின் காலத்தை ஓரளவு துணியலாம். ஒரு நிலையத்தார் பழைய மூலப்படிவத்திலிருந்து பல ஆண்டுகளின் பின்னும் படிகள் எடுத்து விற்பது வழக்கமாதலின், படத்தை விற்ற ஆண்டினை எடுத்த ஆண்டாகக் கொள்ளுதல் பிழை. உள்ளே காணப்படும் பொருள்களே காலத்தைக் காட்டும் உரைகல்லாம்.

வாங்கியவர் விருப்பம்

1875ஆம் ஆண்டு திசெம்பர் மாதத்தில் வேல்ஸ் இளவரசர் கொழும்புத் துறைமுகத்தின் அலைதடுப்பு மதிலுக்கு அடிக்கல் நாட்டினார். அம்மதில் முற்றுப்பெறக் காலித் துறைமுகம் தன் சிறப்பை இழந்து, கொழும்பே கீழ்நாட்டுக் கடல்வழியின் தங்குமிடமாயிற்று. கப்பல் நிலக்கரியும் நீரும் ஏற்றும் சில மணி நேரத்திலோ ஓரிரு நாளிலோ பயணிகள் கரையேறி ஊரைச் சுற்றினர். நினைவுக்குப் படங்களை வாங்கிச் சென்றனர். இவர்களே நிழற்பட நிலையங்களின் முதன்மையான வாடிக்கையாளர்.

இவர்கள் விரும்பியவை எவை? 1857இல் ஆளுநர் வோட் என்பாரின் மனைவியார் வரைந்த அமைப்பின்படி எழுந்து, 1867 முதல் கலங்கரை விளக்கமாகவும் பயன்பட்ட மணிக்கூட்டுக் கோபுரம். அதே ஆளுநர் அமைத்த காலிமுகத்திடல் உலாவீதி. 1757இல் வழிபாட்டுக்குத் திறக்கப்பட்ட வுல்பெண்டால் ஒல்லாந்தக் கோயில். 1877இல் திறந்த நூதனசாலை. துறைமுகத்தை நோக்கி நிற்கும் பெரிய விடுதிகள் முதலிய கட்டடங்கள் ஒருபுறம். அன்றாடக் காட்சிகள் என்ற வகையிலே, பக்கமிதவை பூட்டிய தோணி, மாட்டுவண்டி, ரிக்சா, புறக்கோட்டைக் கடைவீதி, பாம்பாட்டி, பழம் விற்பவள் ஆகியன மற்றொருபுறம்.

இவ்விரண்டாம் வகைப் படங்களிற் பல, அன்றாடக் காட்சிபோலத் தோன்றினும், உண்மையில் அமைத்து எடுக்கப்பட்டவையாம். நிலையத்தினுள்ளே திரை தொங்கவிட்டு, கூலி கொடுத்து அழைத்துவந்த ஆணையும் பெண்ணையும் நிறுத்தி, கையிலே கூடையையோ குடத்தையோ கொடுத்து எடுத்தனர். கீழே 'தமிழ்ப் பெண்', 'சிங்கள மனிதன்', 'கொழுந்து பறிப்பவள்' என்று அச்சிட்டனர். பெயர் இல்லை, ஊர் இல்லை. ஒரு சாதிப் பொருளின் மாதிரியைக் காட்சிக்கு வைப்பதுபோல மனிதரை வைத்தனர்.

அக்காலத்து நிழற்படக்காரர் எல்லாரும் வணிகர் அல்லர் என்பதும் நினைவுகூரத்தக்கது. ஆங்கில நாட்டில் டெனிசன், டார்வின், ஹெர்ஷல் முதலிய பேரறிஞரின் முகங்களைப் படமாக்கிப் புகழ் பெற்ற ஜூலியா மார்கரெட் கமரன் அம்மையார் 1875இல் இலங்கைக்கு வந்து களுத்துறையில் வாழ்ந்தார். 1879இல் மலைநாட்டிலே காலமாகிப் பொகவந்தலாவைத் தேவாலயத்து வளவில் அடக்கம் செய்யப்பட்டார். அவர் கணவரே கோல்புறூக்கு–கமரன் ஆணைக்குழுவிற் பணிபுரிந்த சார்ல்ஸ் ஹே கமரன். அவர் கோப்பித் தோட்ட உடைமையாளரும் ஆவர். அம்மையார் இங்கெடுத்த படங்களுள் இன்று எஞ்சியவை சிலவே. அவற்றில் நம் மக்களின் முகங்கள் நிலையத்துப் பொம்மைபோல் அல்லாது, உள்ளத்து உணர்வு தோன்ற அமைந்துள்ளன. கலைத்திறத்தில் ஐயமில்லை. ஆயினும், அங்கு எடுத்த அறிஞர்க்கெல்லாம் பெயர் எழுதிய கை, இங்கு எடுத்த ஒரு படத்துக்குக் 'களுத்துறைக் குடியானவர் குழு' என்ற அளவிலேயே நின்றுவிட்டது. வணிகர் மட்டுமன்றிக் கலைஞரும் பெயர் கேட்டிலர் என்பதே இங்குக் கருதத்தக்கது.

ஒரே துறை, இரு வருகை

கொழும்புத் துறைமுகத்தின் மற்றொரு காட்சியைப் பயணிகள் விலைக்கு வாங்கவில்லை. தூத்துக்குடியிலிருந்து நீராவிக் கப்பலிலே வந்திறங்கிய தோட்டத் தொழிலாளரும் இதே துறைமுகத்தில் கரையேறினர். றாகமை முகாமிலே நோய்த்தடுப்புக்காகத் தங்க வைக்கப்பட்டனர். பின்னர்த் தோட்டங்களுக்கு அனுப்பப்பட்டனர். திருச்சிராப்பள்ளி, மதுரை, தஞ்சாவூர், சேலம், இராமநாதபுரம், புதுக்கோட்டை முதலிய இடங்களிலிருந்து வந்த அவர்களுக்கு, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலே ஒரு தகரவில்லை கொடுக்கப்பட்டது. தோட்டத்தையும் ஆளையும் குறிக்கும் எழுத்தும் எண்ணும் பொறித்த அவ்வில்லையே அவர்களின் அடையாளம். கப்பற் பயணி படத்தோடு ஊர் திரும்பினான். தொழிலாளி எண்ணோடு மலை ஏறினான்.

தொடர்வண்டி 1867இற் கண்டியையும், 1893இல் அப்புத்தளையையும், 1924இற் பதுளையையும் அடைந்தது. பயணி சென்ற வழியே நிழற்படக் கருவியும் சென்றது. பதுளைக்கப்பால் பசறை வழியாக லுணுகலை செல்லும் பாதைக்கு இன்றும் இருப்புப்பாதை இல்லை. எனவே, கொழும்புக்கும் கண்டிக்கும் உள்ள பழம்படங்களோடு ஒப்பிடுங்கால், ஊவாவின் உட்புறத்துத் தோட்டங்களுக்குரியவை மிகச் சிலவாதல் வியப்பன்று. ஹென்றி கேவ் என்பார் தேயிலைத் தொழில் பற்றி 1900இல் வெளியிட்ட நூல் போன்றவற்றில் தோட்டப் படங்கள் உள. அவற்றின் நோக்கம் தேயிலையின் சிறப்பைக் கூறுதலேயன்றித் தொழிலாளரின் வாழ்வைக் கூறுதல் அன்று.

ஆயின், இப்படங்களை வெறுத்து ஒதுக்குதல் அறிவுடைமை ஆகுமா? ஆகாது. எடுத்தவர் கருதாத பலவும் தகட்டிற் பதிந்துவிடுகின்றன. கொழுந்து பறிப்பவளைக் காட்ட எடுத்த படத்திலே, அவள் கூடையின் கயிறு தலையில் மாட்டப்பட்ட முறையும், காலிற் செருப்பின்மையும், அருகே நிற்கும் சிறுவனின் வயதும் தெரிகின்றன. கோப்பித் தோட்டத்தின் செழிப்பைக் காட்ட எடுத்த படத்திலே, வெட்டி எரித்த காட்டின் அடிமரங்கள் தெரிகின்றன. தோட்டத்துரையின் அறிக்கை கூறாது விட்டதை அவர் விலைகொடுத்து எடுப்பித்த படம் கூறிவிடுகின்றது. ஆதலின், தலைப்பை நம்பாது படத்தின் ஓரங்களை நோக்குதல் வரலாற்று மாணவனுக்கு வேண்டிய பயிற்சியாகும்.

நாட்டவர் கையிற் கருவி

1930களிலே இந்நிலை மாறத் தொடங்கியது. வழக்கறிஞரும் பியானோ இசைக் கலைஞருமாகிய லயனல் வென்ட் (1900–1944) கொழும்பிலிருந்து கருவியோடு புறப்பட்டு, மீனவரையும் உழவரையும் பழம்பதிகளையும் தம் நாட்டவர் என்னும் உரிமையோடு நோக்கினார். 1934இல் பசில் ரைட் இயக்கிய இலங்கை பற்றிய புகழ்பெற்ற திரைப்படத்திற்குக் குரல் கொடுத்தவரும் அவரே. அவர் மறைந்தபின் மூலப்படிவங்கள் அழிக்கப்பட்டமையால், அச்சிட்ட படிகளும் 1950இல் வந்த தொகுப்பு நூலுமே இன்று எஞ்சியுள்ளன. ஒரு தலைமுறையின் உழைப்பு, பேணுவார் இன்மையால் எத்துணை எளிதில் அழியும் என்பதற்கு இதுவே போதிய எடுத்துக்காட்டாகும்.

கொழும்பின் இன்றைய தோற்றமும் இவ்வுண்மையை வலியுறுத்துகின்றது. 2014இல் தொடங்கப்பட்ட துறைமுக நகரத் திட்டத்தின்படி 269 எக்டேர் பரப்புள்ள நிலம் கடலிலே நிரப்பி ஆக்கப்பட்டது. காலிமுகத்திடலின் வடபகுதியில் நின்று மேற்கே நோக்கினால் முன்னர்த் திறந்த கடல் தெரிந்த இடத்திலே இப்பொழுது நிலம் கிடக்கின்றது. பழைய கடற்கரை வளைவை இனி வருவோர் படத்திலன்றிக் காணல் அரிது.

சான்றின்மையால் நேர்ந்தது

நிழற்படமும் ஆவணமும் பற்றிய இவ்வாராய்ச்சி மலையகத்தார்க்கு வெறுங் கல்விப்பொருள் அன்று. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் பெரும்பாலான தோட்டத் தொழிலாளரைக் குடியுரிமைக்குப் புறத்தே நிறுத்தியது. 1949ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி விண்ணப்பித்தோர், இந்நாட்டிலே குறித்த காலம் இடையறாது வாழ்ந்தமையை மெய்ப்பிக்கவேண்டியவராயினர்: மணமானோர்க்கு ஏழு ஆண்டு, மணமாகாதோர்க்குப் பத்து ஆண்டு. பிறப்புப் பதிவு, செக்றோல், பள்ளிப் பதிவேடு முதலியவற்றைத் தேடி அலைந்தோர் பலர். கிடைக்காது தோற்றோர் பலர். 1964ஆம் ஆண்டுச் சிறிமா–சாஸ்திரி உடன்படிக்கை 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என வகுத்தது. எஞ்சிய 1,50,000 பேர் 1974இற் சரிபாதியாகப் பிரிக்கப்பட்டனர். 2003ஆம் ஆண்டுச் சட்டத்தின் பின்னரே நாடற்றோர் என்னும் நிலை தீர்ந்தது.

ஈண்டு ஒன்று சிந்திக்கத்தக்கது. நம் பாட்டியரின் உருவம் ஆயிரக்கணக்கான அஞ்சலட்டைகளிலே உலகெங்கும் சென்றது. தேயிலைப் பெட்டிகளின் மேலும் சென்றது. ஒரு மக்கட் கூட்டம் இத்துணை மிகுதியாகப் படமாக்கப்பட்டும், அப்படங்களுள் ஒன்றேனும் அவர்தம் பிள்ளைகள் இந்நாட்டவர் என்று காட்டப் பயன்பட்டதோ? பயன்படவில்லை. பெயரும் தோட்டமும் நாளும் எழுதாத படம் சான்றாகாது. பதுளை நகரிலே, 1845இல் மின்னல் தாக்கி இறந்த மேஜர் றொஜர்சின் நினைவாக எழுந்த புனித மாற்கு தேவாலயம் இன்றும் நிற்கின்றது. அவர் பெயரை நாம் அறிவோம். அவர் காலத்திலே ஊவாவின் பாதைகளை வெட்டியோர், காட்டைத் திருத்தியோர் ஆகியோருள் ஒருவர் பெயரையும் அறியோம்.

தோட்டத்துக் குடும்பங்களிற் பலவற்றிலே முதன்முதல் எடுத்த முகப்படம் கடவுச்சீட்டுக்காக எடுத்ததே. கணவனும் மனைவியும் பிள்ளைகளும் சுவரோரம் நேரே நின்று, எவரும் சிரியாது கருவியை நோக்கும் அப்படங்கள், ஒரு குடும்பம் இரு நாடுகளாகப் பிரிந்த காலத்துச் சான்றுகள். இவற்றிற்கு மட்டும் பெயரும் நாளும் உண்டு. பிரிவை முன்னிட்டேனும் பெயர் எழுதப்பட்டது.

நாம் செய்யத்தக்கது

இன்று நிழற்படக் கருவி ஒவ்வொருவர் சட்டைப்பையிலும் இருக்கின்றது. ஈரத்தகடும் இருட்டுக் கூடாரமும் வேண்டுவதில்லை. ஆயினும், எண்ணிறந்த படங்கள் எடுத்து எங்கே உள என்று அறியாது இழப்பதும், எடாது விடுவதும் பயனளவில் ஒன்றே. வரலாற்று மாணவர் சில நெறிகளைக் கடைப்பிடிப்பாராயின், எதிர்காலம் நமக்கு நன்றி கூறும்.

முதலாவது, தெமோதரை ஒன்பது வளைவுப் பாலத்தையும் துன்கிந்தை அருவியையும் பலரும் எடுத்துவிட்டனர். எடுக்கப்படாதவை லயங்கள், பெரட்டுக் களம், பிள்ளைமடுவம், பழைய தொழிற்சாலையின் ரோதை, ரோதைமுனிக்கு இட்ட பீடம், மாரியம்மன் கோயிலின் பழைய கொட்டகை, காமன் கூத்து ஆடும் திடல் ஆகியவையாம். தனி வீடுகள் எழுகின்ற இக்காலத்திலே லயங்கள் மறைந்து வருகின்றன. மனிதர் வாழ்தற்கு ஒவ்வாத அவை மறைதல் வேண்டும் என்பதில் இருகருத்து இல்லை. எனினும், நம் முன்னோர் பத்தடிக்குப் பத்தடி அறையிலே எவ்வாறு வாழ்ந்தனர் என்பதை நாளை ஒருவர் மறுத்துரைப்பாராயின், அவர்க்கு விடை கூறும் படம் நம்மிடம் இருத்தல் வேண்டும். 2014ஆம் ஆண்டு அக்டோபர் 29ஆம் நாள் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மண் சரிந்து லயங்களை மூடியது. அங்கு உயிரோடும் உடைமையோடும் ஒரு சிற்றூரின் தோற்றமும் மண்ணுட் புதைந்தது.

இரண்டாவது, எடுக்கும் படம் ஒவ்வொன்றிற்கும் எடுத்த நாள், தோட்டத்தின் பெயர், பிரிவின் பெயர், படத்தில் உள்ளார் பெயர், எடுத்தவர் பெயர் ஆகிய ஐந்தனையும் எழுதி வைத்தல் வேண்டும். எழுதாக் குறிப்பு ஒரு தலைமுறைக்கு மேல் நில்லாது.

மூன்றாவது, படத்தில் நிற்பவரைக் கேட்ட பின்னரே எடுத்தல் வேண்டும். எடுத்த படியொன்றை அவர் கையிற் கொடுத்தல் வேண்டும். கொழும்பு நிலையங்கள் செய்யாது விட்டது இது. அவர்கள்மேற் குறை கூறும் நாம், சுற்றுலாப் பயணியைப்போலக் கொழுந்து மலையில் நின்று, கேளாது எடுத்துச் செல்வோமாயின், அக்குறை நம்மையும் சாரும்.

நான்காவது, வீடுகளில் உள்ள பழைய படங்களை முதியோர் உயிரோடிருக்கும்பொழுதே காட்டி, யார் யார் என்று கேட்டு எழுதல் வேண்டும். அசல் வீட்டிலேயே இருக்கட்டும். படியெடுத்துப் பள்ளி நூலகத்திற் பேணலாம். படத்தில் உள்ளவரை அறிந்த கடைசி மனிதர் மறைந்தபின், அதுவும் 'தமிழ்ப் பெண்' என்று மட்டும் எழுதிய கொழும்பு அஞ்சலட்டையோடு ஒன்றாகிவிடும்.

கொழும்பு நகரின் மதிலும் கரையும் மாறிய வரலாற்றை நிழற்படத்தின் துணையால் இன்று நாம் அறிகின்றோம். நம் மலைகளின் வரலாற்றுக்கு அத்துணையைச் செய்துவைக்கும் கடமை, இங்கு வாழ்ந்து கற்கும் மாணவரைச் சார்ந்தது. வரும் விடுமுறையிலேயே ஒவ்வொருவரும் தத்தம் தோட்டத்திற் பத்துப் படங்களேனும் எடுத்து, ஐந்து குறிப்பும் எழுதிக் கொணர்வாராயின், அடுத்த ஆண்டு மலர் வெளிவருமுன் நம் கல்லூரி நூலகத்திலே ஊவாத் தோட்டங்களின் சான்றுத் தொகுதி ஒன்று தொடங்கிவிடும்.